பிள்ளைக்கு எந்தக் கலைக்களஞ்சியம்: தூரனா, வேர்ல்டு புக்கா, டிகேயா?

எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளை இருக்கிற வீட்டில் என்றைக்காவது ஒருநாள் இந்தப் பேச்சு வந்துவிடும். ஒரு கலைக்களஞ்சியம் வாங்கி வைக்கலாமா, வாங்குவதானால் எதை, இல்லை கையில் ஃபோன் இருக்கும்போது அதெல்லாம் எதற்கு. என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் போகும். இந்தப் புத்தகங்களை யார், எந்தக் காலத்தில், யாரிடம் விற்பதற்காகச் செய்தார்கள் என்று தெரியாமல் அட்டையையும் விலையையும் மட்டும் பார்த்து முடிவெடுத்தால், அலமாரியில் எடுப்பாக நிற்கிற ஒன்றைத்தான் பெரும்பாலும் வாங்குவோம், பிள்ளை அதைத் தொடாது.

முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. பிள்ளை அதில் தேடப் போகிறதா, மேயப் போகிறதா? நாளைக்குப் பள்ளியில் எரிமலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போக வேண்டும், எரிமலை எங்கே இருக்கிறது என்று புரட்டினால் அது தேடல். மழை நாளில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எங்கோ தொடங்கி எங்கோ போய், திமிங்கிலத்தில் ஆரம்பித்துப் பனிமலையில் முடிந்தால் அது மேய்ச்சல். நுனிப்புல் மேய்வதைக் குறையாகச் சொல்லியே பழகிவிட்டோம், ஆனால் பத்து வயதில் நுனிப்புல் மேயாதவன் பிறகு எந்தப் புல்லையும் அடிவரை மேய்ந்து நான் பார்த்ததில்லை. குழந்தைகளுக்காக வந்த கலைக்களஞ்சியங்களின் வரலாறு முழுக்க இந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவே நடந்த இழுபறிதான்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1658இல் நியூரம்பர்க்கில் கொமேனியஸ் என்ற கல்வியாளர் வெளியிட்ட 'ஓர்பிஸ் பிக்டஸ்' லத்தீன் கற்றுக்கொடுக்க எழுதிய பாடப்புத்தகம். ஆனாலும் கடவுளில் தொடங்கி நெருப்பு, காற்று, தேன், தச்சர், அச்சகம் என்று உலகத்தையே 150 படங்களில் அடக்கி, படத்துக்குள் சின்னச் சின்ன எண்கள் போட்டு, அந்தந்த எண்ணுக்கு உரிய பொருளின் பெயரை லத்தீனிலும் ஜெர்மனிலும் பக்கத்திலேயே கொடுத்திருந்தார். அப்புறம் வைமாரில் பெர்டூக் என்ற பதிப்பாளர். 1790 முதல் 1830 வரை தவணை தவணையாக 12 தொகுதிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படத்தகடுகள். பிள்ளை இந்தப் படங்களுக்கு வண்ணம் தீட்டட்டும், வெட்டி அட்டையில் ஒட்டிக்கொள்ளட்டும், இதெல்லாம் அவனுடைய விளையாட்டுப் பொருள் என்பது அவர் கட்சி. அந்தக் காலத்திலேயே! நாமோ இன்னும் கண்ணாடி அலமாரியில் வைத்துச் சாவியை அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.

இப்போது நம் முன்னால் இருக்கிற தேர்வுகளுக்கு வருவோம்.

ஆர்தர் மீயின் குழந்தைகள் கலைக்களஞ்சியம். இது இன்று புதிதாகக் கிடைக்காது, பழைய புத்தகக் கடையிலோ தாத்தா வீட்டுப் பரணிலோ பழைய பள்ளி நூலகத்திலோ கிடைத்தால் உண்டு. மீ அறிஞரல்லர், பத்திரிகையாளர். மகள் மார்ஜரி ஓயாமல் கேள்வி கேட்டதுதான் இதற்குத் தூண்டுதல் என்று சொல்லிக்கொண்டவர். 1908இல் லண்டனில் இரண்டு வாரத்துக்கு ஒரு இதழாக வரத் தொடங்கி 50 இதழ்களில் முடிந்தது, பின்னால் எட்டுத் தொகுதியாகக் கட்டி விற்றார்கள், 1920களில் பத்துத் தொகுதியானது, 1960கள் வரை அச்சில் இருந்தது. அமெரிக்காவில் 1912இல் 'புக் ஆஃப் நாலெட்ஜ்' என்ற பெயரில் போனதும் இதுதான்.

இதழாக வந்ததால் ஒவ்வொரு இதழிலும் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்க வேண்டியிருந்தது. பூமி கொஞ்சம், விலங்கு கொஞ்சம், ஒரு கதை, ஒரு கவிதை, நம் உடல், காகிதத்தில் செய்து பார்க்க ஒரு பொம்மை, போதாக்குறைக்கு ஒரு பிரெஞ்சுப் பாடம். தொகுதியாகக் கட்டும்போதும் அந்தக் கலவை அப்படியே நின்றுவிட்டது. அகரவரிசையே கிடையாது, ஏதாவது தேட வேண்டுமானால் கடைசித் தொகுதியின் அட்டவணைக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். தேடுகிறவனுக்கு எரிச்சல், மேய்கிறவனுக்குத் தலைவாழை இலை. விற்பனைக் கட்டாயத்தில் அமைந்த இந்த ஒழுங்கின்மைதான் அந்தப் புத்தகம் தலைமுறை தலைமுறையாக ஓடியதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் இதை இன்று ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் தனியாகக் கொடுக்க மாட்டேன். இந்தியாவைப் பற்றியும் ஆப்பிரிக்காவைப் பற்றியும் அது பேசுகிற தொனி ஆள்கிறவனுடைய தொனி. வெள்ளைக்காரன் வந்துதான் உலகத்துக்கு ஒழுங்கு வந்தது என்பது ஏதோ ஒரு பக்கத்தில் நழுவி வந்த கருத்தல்ல, முழுப் புத்தகத்திலும் ஊறிக்கிடப்பது. பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படிக்கப் பெரியவர் யாராவது இருந்தால் அந்தத் தொனியே ஒரு நல்ல வரலாற்றுப் பாடம். இல்லையென்றால் வேண்டாம்.

அடுத்தது வேர்ல்டு புக். தேடலுக்காகவே செய்த புத்தகம் என்றால் இதுதான். 1917இல் சிகாகோவில் எட்டுத் தொகுதிகளாக வந்தது, முதல் ஆசிரியர் ஓஷே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியர். இன்றைக்கு 22 தொகுதிகள். பிரிட்டானிகாவே 2012இல் அச்சை நிறுத்தியும் இவர்கள் இன்னும் நிறுத்தவில்லை, ஆண்டுதோறும் திருத்திய பதிப்பு வருகிறது. ஒரு எழுத்துக்கு உரியது ஒரே தொகுதிக்குள் இருக்கும், அதனால் சில தொகுதிகள் தடியாகவும் சில நோஞ்சானாகவும் இருக்கும், மிகப் பெரிய எழுத்துகளை மட்டும் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். எந்தத் தொகுதியை எடுப்பது என்று பிள்ளை முழிக்கக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம்.

இதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் மொழியைக் கையாண்ட விதம். எந்தச் சொல் எந்த வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் என்று எட்கர் டேல், ஜோசப் ஓரூர்க் என்ற இருவர் அமெரிக்கப் பிள்ளைகளிடம் சோதித்துப் பெரிய பட்டியலே போட்டிருந்தார்கள், வேர்ல்டு புக் அதை வைத்து எழுதியது. எலியைப் பற்றிய கட்டுரையைத் தேடி வருகிறவன் சின்ன வகுப்பு, அதனால் அது எளிய சொற்களில் இருக்கும். உயிரணுவைத் தேடி வருகிறவன் கொஞ்சம் பெரியவன், அதற்கேற்ற நடை. நீளமான கட்டுரைகள் எளிதாகத் தொடங்கிப் போகப்போகக் கடினமாகும், பிள்ளை தன்னால் முடிந்த இடம் வரை போய் நின்றுகொள்ளலாம். கஷ்டமான சொல் வந்தால் அந்த வாக்கியத்துக்குள்ளேயே விளக்கம் வந்துவிடும். இந்த உழைப்பைத் தமிழில் யாராவது செய்தால் பள்ளிப் பாடநூல் பாதி எளிதாகிவிடும்.

சரி, வாங்கலாமா? வீட்டுக்கு என்றால் என் பதில் வேண்டாம். ஒரு செட் ஆயிரம் டாலருக்கு மேல், அப்புறம் அனுப்புகிற செலவு தனி. அதைவிட முக்கியம், அது எந்த வேலையில் கெட்டிக்காரனோ அந்த வேலையை ஃபோன் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எரிமலை என்ற சொல்லைத் தேட இன்று யாரும் 22 தொகுதிகள் முன்னால் நிற்கப் போவதில்லை. அகரவரிசையில் மேயவே முடியாது என்று சொல்லவில்லை, ஆங்கில வரிசையில் எரிமலைக்கு அடுத்த பக்கங்களில் வாலிபாலும் வால்கா நதியும் இருக்கும், அந்தத் தற்செயலுக்கும் ஒரு ருசி உண்டு, ஆனால் அந்த ருசிக்கு லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில் கொடுக்க வேண்டாம். பள்ளி நூலகத்துக்கு என்றால் தாராளமாக வாங்கலாம், முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு தொகுதியை எடுத்துக்கொண்டு உட்காரும்போது அதன் முழுப் பயனும் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பெரிய செட்டுகள் அமெரிக்காவில் கடையில் விற்றவையல்ல, வீடு வீடாகப் போய்த் தவணையில் விற்றவை. வாங்கியது பிள்ளையல்ல, பெற்றோரின் குற்ற உணர்ச்சி. 'உங்கள் பிள்ளையின் எதிர்காலத்துக்கு இதைக்கூடச் செய்ய மாட்டீர்களா' என்பதுதான் விற்பனை மந்திரம், 1970களில் அமெரிக்க வர்த்தக ஆணையம் பிரிட்டானிகாவின் விற்பனை முறைகள்மீது நடவடிக்கை எடுக்கிற அளவுக்குப் போனது. இன்று அதே மந்திரத்தைக் கற்றல் செயலிக்காரர்கள் சொல்கிறார்கள். அந்தக் குரல் காதில் விழுந்தால் பர்ஸை உள்ளே வையுங்கள்.

இனி தூரன். தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம், பத்துத் தொகுதிகள், 1968 முதல் 1976 வரை. அவினாசிலிங்கம் செட்டியார் தலைமையில் அந்தக் கழகம் முதலில் பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியத்தை எடுத்துக்கொண்டது, 1954இல் முதல் தொகுதி, 1968இல் பத்தாவது. அது முடிந்த அதே ஆண்டில் குழந்தைகளுக்கானது தொடங்கிவிட்டது, இரண்டுக்கும் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன். கர்நாடக இசைக் கச்சேரிகளில் அவர் கீர்த்தனைகளைக் கேட்டிருப்பீர்கள், அதே தூரன்தான். ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சி அருகே பிறந்து, கோபிசெட்டிபாளையத்திலும் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்திலும் ஆசிரியராக இருந்தவர். வகுப்பறையில் வருஷக்கணக்காக நின்ற ஒருவர் முதன்மை ஆசிரியராக அமைந்தது இந்தத் தொகுதிகளின் அதிர்ஷ்டம்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது இது மொழிபெயர்ப்பு நூலாக நிற்கவில்லை என்பது. அந்த நாளில் ஒரு வெளிநாட்டு செட்டை எடுத்து அப்படியே தமிழாக்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், வேலையும் சீக்கிரம் முடிந்திருக்கும். அதற்குப் பதிலாகத் தமிழ் அகரவரிசையில், தமிழ்ப் பிள்ளைக்குத் தெரிந்த மரமும் மீனும் ஊரும் பாட்டும் உலக விஷயங்களோடு சமமாக உட்கார்ந்திருக்கும்படி, வண்ணப் படங்களோடு செய்தார்கள். கலைச்சொற்களை முதலில் பெரியவர்கள் களஞ்சியத்தில் அடித்து மோதிப் பழக்கிவிட்டிருந்ததால் குழந்தைகளுக்கு எழுதும்போது மொழி திணறவில்லை என்பது என் கணிப்பு. கன்னடத்தில் இதே காலத்தில் எழுத்தாளர் நிரஞ்சனா 'ஞானகங்கோத்ரி' என்று இளையோருக்கு ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார், அது பொருள்வாரியாகப் போனது, நம்முடையது அகரவரிசையில். மேய்ச்சலுக்குக் கன்னட வழிதான் நல்லது என்று எனக்குத் தோன்றும், ஆனாலும் தூரனுடைய கட்டுரைகள் சின்னதாகவும் படத்தோடும் இருப்பதால் அகரவரிசை அவ்வளவாக உறுத்துவதில்லை.

குறைகள் இல்லாமலில்லை. எட்டு ஆண்டுகள் இழுத்த வேலை, முதல் தொகுதியை எட்டு வயதில் வாங்கிய பிள்ளை கடைசித் தொகுதி வரும்போது மீசை அரும்பிப் பதினாறில் நின்றிருப்பான். முதல் தொகுதி வந்தபோது மனிதன் நிலவில் கால் வைக்கவில்லை, தமிழ்நாடு என்ற பெயரே 1969 ஜனவரியில்தான் அதிகாரபூர்வமாக நடைமுறைக்கு வந்தது. வங்கதேசம் பிறந்தது தொகுதிகள் வந்துகொண்டிருக்கும்போதே. கணினி, மரபணு, விண்வெளி என்று எதற்கும் இதை நம்பக் கூடாது. அச்சில் முழு செட் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. ஆனால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பத்துத் தொகுதிகளும் இலவசமாக இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அறிவியல் பழசாகிவிட்டதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு சின்ன வேடிக்கை. புளூட்டோவைக் கண்டுபிடித்தது 1930இல், அதைக் கோள் பட்டியலிலிருந்து நீக்கியது 2006இல். ஆக 1908இல் தொடங்கிய மீயின் முதல் பதிப்புக் காலத்தில் கோள்கள் எட்டு, தூரன் காலத்தில் ஒன்பது, இன்றைய புத்தகத்தில் மறுபடி எட்டு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏன் இப்படி என்று பிள்ளையைக் கேட்டால், எந்தப் புதுப் புத்தகமும் கொடுக்காத ஒரு மணிநேரப் பேச்சு கிடைக்கும். பழைய புத்தகக் கடையில் நிற்கும்போதும் இது உதவும், பதிப்பாண்டு கிழிந்து போயிருந்தால் கோள்கள் பக்கத்தைத் திருப்பினால் போதும், ஏறக்குறைய எந்தக் காலத்துச் சரக்கு என்று தெரிந்துவிடும்.

நான்காவது, இன்று கடையில் முதலில் கண்ணில் படுவது, டிகே. டார்லிங், கிண்டர்ஸ்லி இருவர் சேர்ந்து 1974இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம். 1988இல் பாரிஸின் கல்லிமார் நிறுவனத்தோடு சேர்ந்து 'ஐவிட்னஸ்' வரிசையைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைப் பின்னணி, நடுவில் பளீரென்று ஒரு மண்டையோடோ முட்டையோ வாளோ, சுற்றிலும் சின்னச் சின்னக் குறிப்புகள். பார்த்தவுடன் கை தானாகப் போகும். படம் எல்லா நாட்டுக்கும் ஒன்று, கறுப்பில் அச்சாகிற எழுத்தை மட்டும் மொழிக்கு மொழி மாற்றினால் போதும் என்பது அவர்கள் வியாபாரத்தின் சூட்சுமம், பல நாட்டுப் பதிப்புகளைச் சேர்த்து அச்சடித்ததால்தான் அவ்வளவு செலவு செய்து படமெடுக்க முடிந்தது. படத்தில் எண் போட்டுப் பக்கத்தில் பெயர் எழுதிய கொமேனியஸ் இன்று வந்தால் இதைத் தன் பேரன் என்று அடையாளம் கண்டுகொள்வார்.

மேய்ச்சலுக்கு இதை அடிக்க ஆளில்லை. ஒரே தொகுதியாக வருகிற குழந்தைகள் கலைக்களஞ்சியம் சுமார் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயில் முடிந்துவிடும். ஆனால் படம் தின்ற இடம் போக எழுத்துக்கு மிஞ்சுவது துணுக்குகள். துணுக்கு துணுக்காகவே படித்துப் பழகிய பிள்ளைக்கு, இதனால் அது, அதனால் இது என்று நாலு பக்கம் தொடர்ந்து போகிற விளக்கத்தில் உட்கார முடிவதில்லை. இன்னொரு சிக்கல், எல்லா நாட்டுக்கும் பொதுவான படம் என்றால் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத படம் என்றும் அர்த்தம். நாய் என்றால் லாப்ரடார்தான் இருக்கும், ராஜபாளையம் இருக்காது. நம் பிள்ளை பார்க்கிற பூச்சியும் பயிரும் அதில் ஓரத்தில் இருந்தால் உண்டு.

கடைசியாக இணையம். மைக்ரோசாப்டின் என்கார்ட்டா என்ற குறுந்தகட்டுக் கலைக்களஞ்சியம் 1993இல் வந்து 2009இல் போய்ச் சேர்ந்தது, அந்தக் குறுந்தகட்டில் சிங்கம் கர்ஜிப்பதைக் கேட்ட தலைமுறைதான் இன்று பெற்றோர். இப்போது விக்கிப்பீடியா. தமிழ் விக்கிப்பீடியா 2003லிருந்து இருக்கிறது, பெரியவர்களுக்கு நல்ல உதவி, ஆனால் ஒன்பது வயதுக்காக எழுதியதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 2006இலேயே பிள்ளைகளுக்கென்று விக்கிடியாவைத் தொடங்கினார்கள், ஜெர்மனியில் 2014இல் கிளெக்சிகான், பாஸ்க் மொழிக்காரர்கள்கூட 2018இல் தங்கள் விக்கிப்பீடியாவுக்குள்ளேயே குழந்தைகள் பகுதியைத் திறந்துவிட்டார்கள். சில லட்சம் பேர் பேசுகிற மொழி அது, நாம் எட்டு கோடி என்று பெருமை பேசிக்கொள்கிறோம், பிள்ளைகளுக்கான தமிழ் விக்கி என்று சொல்லிக்கொள்ள ஒன்றையும் வளர்த்துவிடவில்லை. இருக்கிற இணையம் தேடலுக்குப் போதும், மறுப்பில்லை. மேய்ச்சலுக்கு விட்டால் மூன்றாவது சொடுக்கில் பிள்ளை வேறு எங்கோ ஒரு வீடியோவில் இருக்கும், அது பிள்ளையின் தப்புமில்லை, அந்தத் திரை அதற்காகத்தான் செய்யப்பட்டிருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. தமிழ் படிக்கிற பிள்ளை என்றால் தூரனும் டிகே ஒற்றைத் தொகுதியும் சேர்ந்து. டிகேயில் படம் கிடைக்கும், தூரனில் விளக்கம் கிடைக்கும், செலவும் கையைக் கடிக்காது. ஒன்றுதான் முடியும் என்றால் தூரன், ஏனென்றால் டிகே மாதிரி நல்ல படப் புத்தகம் நூலகத்திலும் நண்பன் வீட்டிலும் கண்ணில் பட்டுவிடும், உலகத்தைத் தமிழில் பிள்ளைக்கு விளக்குகிற பத்துத் தொகுதிகள் வேறெங்கும் இல்லை. வெளிநாட்டில் வளர்கிற, தமிழ் பேசும் ஆனால் படிக்கத் திணறும் பிள்ளைக்கு இந்த வரிசை மாறும், அங்கே டிகேயை முதலில் கொடுத்துவிட்டுத் தூரனை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். பன்னிரண்டு தாண்டிவிட்டதென்றால் இந்த எதுவும் வேண்டாம், அந்தப் பணத்தில் பிள்ளைக்குப் பிடித்த ஒரே விஷயத்தைப் பற்றி நாலு நல்ல புத்தகம் வாங்குங்கள்.

தூரனைத் திரையில் படிக்கச் சொல்லாதீர்கள். ஒரே நாளில் பத்துத் தொகுதிகளையும் அச்செடுத்துக் குவிக்கவும் வேண்டாம். பிள்ளைக்கு இப்போது எதில் பைத்தியமோ, பாம்போ ரயிலோ கிரகமோ, அது இருக்கிற தொகுதியில் முன்னும் பின்னுமாக ஐம்பது பக்கத்தை ஜெராக்ஸ் கடையில் வண்ணத்தில் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் அது கசங்கியிருந்தால் அடுத்த ஐம்பது பக்கத்துக்குப் போகலாம்.